மூன்றுகால் விளக்கு

ஜூன் 3, செவ்வாய்

தண்டின் நுனியில் ஒரு நார்த்துணுக்கு சுற்றிக்கொண்டிருந்தது. விரல் நீளம் இருக்கும். பொன் நிறம். அப்போது பெட்டியில் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

இன்றைக்கு நார் மில்லில் பெட்டி மாட்டினோம். முழுக்க நானே செய்த முதல் பெட்டி. திருமூர்த்தி அண்ணனின் பட்டறையில் சேர்ந்து ஏழு மாதமாகிறது. இதுவரை ஒயர் வெட்டுவேன், திருகு முடுக்குவேன், அவர் ஈயம் வைக்கும்போது பலகையைப் பிடித்துக்கொள்வேன். இதை மட்டும், "நீயே பண்ணு நாயகி, நான் தொடமாட்டேன்" என்று விட்டுவிட்டார்.

உள்ளே ஒரு ரிலே. வெளியே ஓட்டுவதற்கும் நிறுத்துவதற்கும் இரண்டு பொத்தான். மேலே ஒரு எல்.இ.டி. பார்த்தால் ஒரே விளக்குதான், ஆனால் அதற்கு மூன்று கால். நடுக்கால் பொது. ஒரு ஓரக்காலுக்கு மின்சாரம் போனால் சிவப்பு, மறு ஓரத்துக்குப் போனால் பச்சை. ரிலேக்குள் சின்ன நாக்கு ஒன்று உண்டு. மோட்டாரைப் போட்டால் அந்த நாக்கு ஒரு பக்கம் போய் ஒட்டும். நிறுத்தினால் டக்கென்று பழைய இடத்துக்கு வந்துவிடும். ஒட்டும் பக்கத்தில் சிவப்புக்கால், திரும்பும் பக்கத்தில் பச்சைக்கால். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு ரெசிஸ்டர், விளக்கு கருகாமல் இருக்க. மேசையில் வைத்து இருநூறு தடவை போட்டும் நிறுத்தியும் பார்த்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

மில்லில் மூன்று மிஷின். தேங்காய் மட்டையை மிஷினின் வாயில் தள்ளினால், உள்ளே ஆணிகள் வைத்த டிரம் சுற்றிக் கிழித்து, நாரை ஒரு பக்கமும் துகளை ஒரு பக்கமும் தள்ளும். டிரம் மூடிக்குள் இருக்கிறது. முன்னால் நிற்பவருக்குத் தெரியாது. மூன்றும் ஓடும்போது எது ஓடுகிறது, எது நின்றது என்று காதால் சொல்லவும் முடியாது. அதற்குத்தான் விளக்கு.

மட்டை சிக்கினால் கையை விட்டு எடுப்பது சரசக்கா. அவரிடம் ஒரு குச்சி இருந்தது. வேலமரக் குச்சி, ஒன்றரை முழம். மோட்டாரை நிறுத்தியதும் முதலில் குச்சியை வாய்க்குள் விடுவார். குச்சி உதறினால் காத்திருப்பார். உதறாமல் இருந்தால்தான் கை. அதன் முனை நாய் கடித்த எலும்பு மாதிரி இருந்தது.

"அந்தக் குச்சிய வீசு சரசு" என்றார் முதலாளி நாச்சிமுத்து. "லைட்டு வெச்சாச்சு. நீ குத்திக் குத்திப் பாத்துட்டு நிக்கறதுல தெனமும் ஒரு லோடு போகுது எனக்கு."

"கை பழகிப்போச்சுங் மொதலாளி."

"பழக்கத்த மாத்து."

சரசக்கா தயங்கினார். என் அண்ணன் சென்னியப்பன் அந்த மில்லில்தான் டிராக்டர் ஓட்டுகிறான். அவன் சொல்லித்தான் இந்த வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது. அவன் சரசக்காவின் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கி டிராக்டரில் எறிந்தான்.

சரசக்கா என்னிடம் வந்தார். "ஏங்கண்ணு, எனக்குப் படிக்கத் தெரியாது, கலரு தெரியும். எது என்னன்னு நீ சொல்லு."

சொன்னேன்.

"அட, இந்தப் புள்ளைக்கு வாயிருக்குதா" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

பிறகு ஒயரை இழுத்துக் கட்ட மிஷினுக்குப் பின்னால் போனேன். அங்கே டிரம்மின் தண்டு மூடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில்தான் அந்த நார்த்துணுக்கைப் பார்த்தேன். திருமூர்த்தி அண்ணனிடம் சொல்லலாம் என்று வந்தேன். அவர் முதலாளியோடும் இன்னும் இரண்டு பேரோடும் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான்கு ஆண்கள். டம்ளர்களை வாங்கிக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

ரேஷனில் பாமாயில் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வீக்கம். அண்ணன் அந்த வேலமரக் குச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்து பின்கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறான். கைபிடித்த இடம் வழவழவென்று இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

இந்த டைரி கேபிள் விற்பவர் பட்டறைக்குக் கொடுத்தது. "எனக்கெதுக்கு, நீ ஏதாவது எழுது" என்று திருமூர்த்தி அண்ணன் என்னிடம் தந்தார். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு எழுதுவது இதில்தான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். எழுத்து தெரிந்தது, குரல் வரவில்லை. முழங்காலில் நிற்கவைத்து ஸ்கேலால் அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் "வாசி". பின்வரிசையில் எண்ணினார்கள். இருபத்தாறு வரை எனக்குக் கேட்டது. மறுநாள் நான் போகவில்லை. போ என்று யாரும் சொல்லவும் இல்லை.

ஜூன் 7, சனி

ரசத்தில் உப்பு அதிகம் என்று அண்ணன் சட்டியோடு எடுத்து அம்மாவின் காலடியில் போட்டு உடைத்தான். ஓடு தெறித்து அம்மாவுக்குக் கணுக்காலில் கிழிந்தது. மஞ்சள் வைத்துக் கட்டினேன். பிறகு வேறு ரசம் வைத்தேன். சாப்பிட்டான்.

ஜூன் 10, செவ்வாய்

மில்லின் மற்ற இரண்டு மிஷினுக்கும் பெட்டி வேண்டுமாம். திருமூர்த்தி அண்ணன் எனக்கு முட்டை பப்ஸ் வாங்கித் தந்தார்.

சாயங்காலம் டவுன் பஸ்ஸில் சரசக்கா ஏறினார். நார்த்தூசி தலையெல்லாம். என் பக்கத்தில் உட்கார்ந்து, "உன்ற லைட்டு நல்ல லைட்டு கண்ணு" என்றார். "ஆனா இந்தக் கை இருக்குதே, குச்சியத் தேடுது. அப்பறந்தான் ஞாபகம் வருது, குச்சி இல்லியேன்னு. அதுக்குள்ள ரெண்டு மூணு நிமிசம் போயிருது. மொதலாளி பாத்தா வெய்யறாரு."

அது நல்லதுதான் அக்கா, அப்படியே தேடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். மனதுக்குள் முதல் வார்த்தையைச் சரிசெய்துகொண்டிருந்தபோதே அவருடைய நிறுத்தம் வந்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

மூன்று மணிக்கே அண்ணன் வந்தான். சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. முதலில் எண்ணெய் என்று நினைத்தேன். கழற்றி என்மேல் எறிந்து, "தொவ" என்றான்.

வாளித் தண்ணீர் மூன்று தடவை சிவந்தது. நான்காவது தடவை ரோஸ். காலர் மடிப்பில் நார் ஒட்டியிருந்தது, அதோடு வேறு எதுவோ. நகத்தால் சுரண்டி எடுத்தேன். வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு அண்ணன் அம்மாவிடம் சொன்னது எல்லாம் காதில் விழுந்தது.

"சரசு கைய இழுத்துருச்சு. முழங்கைக்கு மேல வரைக்கும். உள்ள போன கை நாரு வர்ற பக்கம் நாரு மாதிரியே வருது. அவ கத்துனது யாருக்குங் கேக்கல, மத்த ரெண்டும் ஓடிட்டிருந்துது. நான் எதேச்சையா திரும்பிப் பாத்தேன். பெல்ட்டத் தள்ளிவுட்டு, ஆளப் புடுச்சு இழுத்தா… ஆளுதான் வருது. கீழ கெடந்தத சாக்குல பொறுக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனன். டாக்டரு சாக்கப் பிரிச்சுப் பாத்துட்டு மூடிட்டாரு."

அம்மா கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

"மிஷினக் கழுவோணுமான்னு கேட்டன். ரெண்டு லோடு மட்டையப் போடு, தானா சுத்தமாயிரும்னாரு மொதலாளி" என்றான். சிரிக்கப் பார்த்தான், வாய் கோணியது.

ஈரச் சட்டையோடு நான் அவன் முன்னால் போய் நின்றேன். "என்ன கலர் எரிஞ்சுது" என்று கேட்டேன்.

அவனிடம் நானாக ஒன்றைக் கேட்டு எத்தனையோ வருடம் இருக்கும். என்னையே பார்த்தான். பிறகு அறைந்தான். வலது காதில் இப்போதும் ரிலே சுருள் போல ஒரு இரைச்சல்.

ஜூன் 13, வெள்ளி

மில்லில் எல்லோருக்கும் முதலாளி சொல்லிவிட்டாராம்: சிவப்பு எரியும்போதே சரசு கையை விட்டாள், தூக்கக் கலக்கம். கேட்டால் எல்லோரும் இதையே சொல்ல வேண்டும்.

திருமூர்த்தி அண்ணன் காலையிலேயே இன்னொரு பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தார். "நம்ம வயரிங் சரி நாயகி. சிவப்பு சிவப்புதான், பச்சை பச்சைதான். நம்ம மேல ஒண்ணும் இல்ல." திருகு இரண்டு தடவை கீழே விழுந்தது.

பதினொரு மணிக்கு சரசக்காவின் புருஷன் மாரப்பன் வந்தார். கையில் ரீப்பர் கட்டை. குடித்திருந்தாரா என்று தெரியவில்லை, நேராகத்தான் நடந்தார்.

"எவன்டா லைட்டு வெச்சது?"

திருமூர்த்தி அண்ணன் எழுந்து, "உக்காருங்க மாரப்பா, பேசிக்கலாம்" என்றார். முதல் அடி அவர் தோளில். இரண்டாவது வாயில். பல் மேசைமேல் விழுந்தது, ஒரு ரெசிஸ்டர் விழுவது போலச் சின்னச் சத்தம். பிறகு அவர் தரையில் கிடந்தார், கட்டை ஏறி இறங்கியது. "பச்ச எரிஞ்சுதுங்கறா அவ. பச்ச எரிஞ்சுதுங்கறா." ஒவ்வொரு அடிக்கும் மாரப்பன் இதையே சொன்னார். நான் மேசைக்கு அடியில் இருந்தேன். அவர் செருப்பு என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி. செய்தது நான் என்று சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருப்பார், அல்லது இந்தப் பக்கம் திரும்பியிருப்பார். நான் என் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து லேத் கடைக்காரர்கள் வந்து பிடித்தார்கள்.

சாயங்காலம் வரை சிதறிய எல்.இ.டி.களைப் பொறுக்கினேன். நூற்றுப் பதினேழு. மூன்றுக்குக் கால் ஒடிந்திருந்தது. பல்லை ஒரு தாளில் மடித்து மேசை இழுப்பறையில் வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஜூன் 14, சனி

மாரப்பனை மில் ஆட்கள் நேற்றே ஓடைப்பாலத்தில் மடக்கி அடித்தார்களாம். அண்ணனும் போயிருக்கிறான். "மண்டைல ஏழு தையல்" என்று சொல்லிக்கொண்டே தோசை கேட்டான். நான்கு தோசை. கைமுட்டியில் தோல் உரிந்திருந்தது. தேங்காய் எண்ணெய் கொண்டுவா என்றான், கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜூன் 16, திங்கள்

அம்மாவுக்குக் கணுக்காலில் சீழ் வைத்துவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கட்டுப் போடும் வரிசையில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு, பெண்கள் வார்டுக்குப் போனேன்.

சரசக்கா கடைசிக் கட்டிலில் இருந்தார். வலது பக்கம் தோளுக்குக் கீழே ஒரு கையளவுக்குத் துணிப்பொதி, அவ்வளவுதான். போர்வை அந்தப் பக்கம் தட்டையாகக் கிடந்தது. தலையில் கட்டோடு மாரப்பன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"மில்லுல அத்தன பேரும் செவப்புங்கறான். நீ மட்டும் பச்சங்கற. உன்னாலதான்டி நானும் அடி வாங்கிட்டு நிக்கறன். நெசத்தச் சொல்லு."

"பச்சைங்."

அவர் அறைந்தார். கட்டில் சுவரில் இடித்தது. நர்ஸ் கத்தினார், மாரப்பன் வெளியே போனார். போகும்போது அழுதார்.

சரசக்கா என்னைப் பார்த்தார். கண்ணால் கூப்பிட்டார். குனிந்தேன். ஒரு விஷயம் சொன்னார்.

அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மாவு ஆட்டினேன். துணி துவைத்தேன். பட்டறை பூட்டிக் கிடக்கிறது.

ஜூன் 18, புதன்

எழுதாமல் இருந்தால் கை சும்மா இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

ஜூன் 3ஆம் தேதி பக்கத்தில் நான் எழுதியது எல்லாம் உண்மை. எழுதாமல் விட்டது இரண்டு.

ஒன்று, அந்த நார்த்துணுக்கைப் பார்த்துவிட்டு நான் உடனே வந்துவிடவில்லை. அங்கேயே நின்று எண்ணினேன். மோட்டாரை நிறுத்தியாயிற்று, ரிலே திரும்பியாயிற்று, பச்சை எரிகிறது. ஆனால் டிரம் இரும்பு. அத்தனை எடை சுற்றிவந்த வேகத்தில் தானாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. நூற்றுத் தொண்ணூறு வரை எண்ணினேன், அதற்குப் பிறகுதான் துணுக்கு நின்றது. என் விளக்கு மின்சாரத்தைச் சொல்கிறது. டிரம்மைச் சொல்லவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

குச்சி டிரம்மைச் சொன்னது.

இரண்டு, எது என்ன கலர் என்று சரசக்கா கேட்டபோது நான் சொன்னது. "சிவப்பு எரிஞ்சா தொடாதீங்க்கா. பச்சை எரிஞ்சா கை வைக்கலாம்." மில்லில் நான் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

ஆஸ்பத்திரியில் சரசக்கா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "நீ சொன்னேன்னு நான் யார்கிட்டயுஞ் சொல்லல சாமி. நீ பயந்துக்காத."

ஜூன் 19, வியாழன்

பட்டறைக்கு வெளியே பூட்டு. பின்பக்கமாகப் போனேன், உள்ளே திருமூர்த்தி அண்ணன். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. மேசையில் சாய்ந்துகொண்டு ஸ்ட்ரா போட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு படம் வரைந்து கொண்டுபோயிருந்தேன். நிறுத்தும் பொத்தானுக்கும் பச்சைக்காலுக்கும் நடுவில் ஒரு டைமர். மோட்டார் நின்று நான்கு நிமிஷம் கழித்துத்தான் பச்சை எரியும். அதுவரை சிவப்பு விட்டுவிட்டு எரியட்டும். அதிகம் ஒன்றும் மாற்ற வேண்டாம், ஒரு மணி நேர வேலை. தாளை அவர் முன்னால் வைத்தேன்.

ஒரு கண்ணால் வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஸ்ட்ராவை எடுத்துக் கீழே வைத்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

தாள் சுருளாமல் இருக்க அதன் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டேன்.

"நாயகி, இப்ப இத மாத்துனா, முன்ன வெச்சது தப்புன்னு நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி. செவ்வாக்கெழம தொழிற்சால ஆய்வாளர் வர்றாங்களாம். லைட்டு சரியா எரியுதான்னு போட்டுக் காட்டச் சொல்லியிருக்காங்க. நான் இந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போக முடியாது. நீதான் போகோணும். போட்டா செவப்பு, நிறுத்துனா பச்ச. அவ்வளவுதான் காட்டோணும். பேச வேண்டியதில்ல."

படத்தை நான்காகக் கிழித்து, கிழித்ததை என்னிடமே கொடுத்தார். "எனக்கு ரெண்டு பொண்ணு" என்றார். பேசும்போது பல் போன இடத்தில் காற்று வந்தது.

விளக்கு சரியாகத்தான் எரியும். சரியாக எரிந்தால், பச்சையில் மிஷின் இழுக்காது என்றாகும், சரசக்கா பொய்சொல்லி.

ஜூன் 20, வெள்ளி

சாப்பாடு போட்டுவிட்டு அண்ணனிடம் சொன்னேன். நான்கு வாக்கியம், காலையிலிருந்து தயார் செய்தது. டிரம் நிற்க மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகும் என்று. பச்சை எரியும்போதே இழுத்திருக்கும் என்று. அவனும் பார்த்திருப்பான் என்று. செவ்வாய்க்கிழமை அதைச் சொல்லப்போகிறேன் என்று.

சாப்பிட்டு முடித்து, கை கழுவி, கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த குச்சியை எடுத்தான்.

"ஆமா, பச்சதான் எரிஞ்சுது. நாந்தான் பாத்தனே. சரசு குச்சியத் தேடிட்டு நின்னா. 'லைட்டு பச்சயாயிருச்சு, எடுடீ'ன்னு மொதலாளி சத்தம் போட்டாரு. என்ன பண்ணச் சொல்ற? அவரு டிராக்டர ஓட்டித்தான்டி நீ திங்கற."

முதுகில் அடித்தான், தொடையில் அடித்தான். தடுக்கக் கையைக் கொண்டுவந்தபோது இடதுகைச் சுண்டுவிரலில் பட்டது. ஒரு சத்தம் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும், நிறுத்திவிட்டான். குச்சியைப் பழையபடி கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்தான்.

அடிக்கும்போது நான் எண்ணினேன். பள்ளிக்கூடத்தை விடக் குறைவுதான்.

ஜூன் 21, சனி

சுண்டுவிரலை மோதிரவிரலோடு சேர்த்துக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் சுற்றியிருக்கிறேன். டேப் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது.

அம்மா என் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தாள். "பேசாம இரு சாமி. உனக்கு அது பழக்கந்தான" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தலையைக் கோதிக்கொண்டே சொன்னாள்.

ஜூன் 23, திங்கள்

ஆஸ்பத்திரியில் சரசக்காவைக் கட்டு மாற்ற எடுத்துப்போனார்கள். வார்டுக்கு வெளியே நின்றேன். ஒரு கதவு, அதற்குள் இன்னொரு கதவு. இரண்டும் மூடித்தான் இருந்தன. அப்படியும் கேட்டது.

கழித்துப்போட்ட பழைய கட்டுத்துணியை ஒரு அம்மா வாளியில் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். துணியில் நார் ஒட்டியிருந்தது. பதினொரு நாளாகியும் உள்ளேயிருந்து நார் வந்துகொண்டே இருக்கிறதாம்.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் பாத்திரம் துலக்கினேன். அம்மாவுக்கு மாத்திரை எடுத்துவைத்தேன். அண்ணன் முன்னாலேயே டிராக்டருக்குப் போய்விட்டான். பின்கதவிலிருந்து குச்சியை எடுத்தேன். கதவு திறந்துகொண்டது, ஒரு செங்கல்லை வைத்துச் சாத்தினேன்.

பஸ்ஸில் குச்சியை மடியில் வைத்திருந்தேன். "என்னம்மா, ஆடு மேய்க்கவா" என்றார் கண்டக்டர். டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.

ஆய்வாளர் ஒரு அம்மா. கோப்பு, மூக்குக்கண்ணாடி, நார்த்தூசிக்கு மூக்கில் கைக்குட்டை. முதலாளி அவருக்கு நாற்காலி போட்டு இளநீர் வெட்டிக் கொடுத்திருந்தார். மற்ற இரண்டு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. "லோடு நிக்குதுங் மேடம், அத நிறுத்த முடியாதுங்" என்று காதருகே கத்திச் சொன்னார். அண்ணன் தூணில் சாய்ந்து நின்றான். அவன் பார்வை என் முகத்துக்கு வந்து, குச்சிக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது.

"நீதான் கம்பெனி ஆளா?" என்றார் ஆய்வாளர். "எத்தனாவது படிச்சிருக்க?"

ஒன்பது என்று விரலால் காட்டினேன். இரண்டு விரல் டேப்பில் ஒட்டியிருந்ததால் அது எட்டு மாதிரித் தெரிந்திருக்கும்.

"சரி, போட்டுக் காட்டு."

போட்டேன். சிவப்பு. மிஷின் அதிர்ந்து வேகம் பிடித்தது. நிறுத்தினேன். உள்ளே ரிலே திரும்பியது. இரைச்சலில் கேட்காது, ஆனால் பெட்டிமேல் வைத்திருந்த விரலுக்குத் தெரிந்தது. பச்சை.

அவர் கோப்பில் எழுதினார். "விளக்கு சரியா வேலை செய்யுது."

"அதத்தானுங் நானுஞ் சொல்றன்" என்றார் முதலாளி. "பொருளு சுத்தமான பொருளுங். அந்தப் பொம்பள செவப்புலயே கைய வுட்டுட்டு, இப்ப பச்சங்கறா. வாயில வர்றதெல்லாம் பொய்யுங்."

ஆய்வாளர் பேனாவை மூடப்போனார்.

"இன்னொருக்கா போடறனுங்" என்றேன்.

யார் பேசியது என்று அவர் சுற்றிப் பார்த்தார். நான் அதற்குள் போட்டுவிட்டேன். சிவப்பு. டிரம் முழு வேகம் பிடிக்கும்வரை விட்டேன். நிறுத்தினேன். பச்சை. மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன்.

"பச்சை எரியுதுங்களா?" எனக்கே என் குரல் கேட்கவில்லை. ஆய்வாளர் காதில் கைவைத்து என் பக்கம் குனிந்தார். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "பச்சை எரியுதுங்களா?"

"எரியுது."

"பச்சை எரிஞ்சா கை வைக்கலாமுன்னு சரசக்காகிட்ட சொன்னது நானுங். அவிய பச்சையிலதான் வெச்சாங்க."

முதலாளி எழுந்தார், நாற்காலி பின்னால் சாய்ந்தது. "ஏய் சென்னி, இந்தப் புள்ளையக் கூட்டிட்டுப் போ" என்றார். அண்ணன் தூணை விட்டு என்னை நோக்கி வந்தான். நான் எண்ணிக்கையில் முப்பத்தொன்றில் இருந்தேன்.

ஆய்வாளரைக் கொஞ்சம் பின்னால் நகரச் சொன்னேன். குச்சியை வழவழவென்று இருக்கும் இடத்தில் பிடித்து, வாய்க்குள் நீட்டி, பிடியை விட்டேன்.